என் படகில் 164 ஓட்டைகள்

போன ஞாயிறு டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், முழங்காலில் இருந்து எண்ணிப் பார்த்தேன். கைப்பிடிகள், கயிறு சுற்றிக் கட்டும் கிளீற்கள், கயிறு இழுக்கும் வின்ச்கள், ஜன்னல் சட்டங்கள், ஓரத்து வேலிக் கம்பித் தூண்கள், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் அடித்தகடுகள் என்று ஐம்பது வருடமாக யார் யாரோ இந்த டெக்கில் போட்டு வைத்த ஓட்டைகள் மொத்தம் 164. அதில் 151ஐ ஒவ்வொன்றாகத் திறந்து, காயவைத்து, அடைத்து, திரும்பத் துளைத்து முடித்துவிட்டேன். மிச்சம் 13. "ஆறு வருசமா அந்தப் படகோட என்னதான் செய்யிறாய்?" என்று கேட்கிற எல்லோருக்கும் என் பதில் இந்தக் கணக்குத்தான்.

படகு அல்பேர்க் 30 என்ற பாய்ப்படகு வகை. சுவீடனில் பிறந்த கார்ல் அல்பேர்க் வரைந்தது. இங்கே கனடாவின் ஒன்ராறியோவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குக் கிழக்கே கொஞ்சத் தூரத்தில், விட்பி போட் வேர்க்ஸ் என்ற பட்டறையில் 1962 தொடங்கி எழுநூறுக்கு மேல் கட்டினார்கள். என்னுடையது 1973இல் வந்தது. நீளம் முப்பது அடிக்குச் சற்றுக் கூட, எடை ஒன்பதாயிரம் இறாத்தல், அதில் மூவாயிரத்து முந்நூறு இறாத்தல், படகின் அடியில் நீளும் கீலுக்குள்ளே வைத்து மூடிய இரும்பு. கீலைப் பெரியப்பா ஏரா என்றுதான் சொல்வார், எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். இரும்பு உள்ளேயே இருப்பதால் இந்தப் படகில் கீலை உடலோடு பூட்டும் போல்ட் துருப்பிடிக்கும் கவலை கிடையாது. பழைய படகு வாங்க நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது கவனியுங்கள்.

அறுபது எழுபதுகளில் பைபர் கிளாஸ் படகு, அதாவது கண்ணாடி நாரை ரெசின் பிசினில் வார்த்த படகு, கட்டியவர்கள் தடிப்பாகக் கட்டினார்கள். அந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்று அப்போது முழுதாகத் தெரியாது, அதனால் பயந்து பயந்து கண்ணாடி நார் ஒரு அடுக்குக் கூடவே போட்டார்கள். இதே அல்பேர்க் 30 ஒன்றில்தான் கியூபெக்கைச் சேர்ந்த ஈவ் ஜெலினா 1981இல் தனி ஆளாக உலகைச் சுற்றப் புறப்பட்டார். தென் பசிபிக்கில் பாய்மரம் முறிந்து, நியூசிலாந்தின் சாத்தம் தீவில் ஒதுங்கித் திருத்திக்கொண்டு, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹோர்னைச் சுற்றி 1983இல் கனடா வந்து சேர்ந்தார். பாய்மரம் போனது, படகின் உடல் போகவில்லை. நான் வாங்கப் போனபோது என்னோடு வந்த நண்பர்கள் எல்லோரும் உடம்பைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், பெயின்ற் மங்கியிருக்கிறது, கீழே நாலு கொப்புளம் இருக்கிறது என்று. ஒருவரும் மேலே ஏறி டெக்கைத் தட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

டெக் வேறு மாதிரிக் கட்டப்பட்டது. மேலே ஒரு மெல்லிய பைபர் தோல், கீழே இன்னொன்று, நடுவில் பல்சா மரத் துண்டுகள், இரண்டு பாண் துண்டுக்கு நடுவே சம்பல் வைத்ததுபோல. பல்சா இறகு மாதிரி எடையில்லாதது, ஆனால் இரண்டு தோலுக்கும் நடுவே ஒட்டி நிற்கும்வரை டெக் கல் மாதிரி இருக்கும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், யாரோ ஒருவர் ஒரு புது கிளீற் பூட்ட ஆசைப்பட்டு இந்தச் சாண்ட்விச்சுக்கு ஊடாக நேரே துளைத்து, கொஞ்சம் சிலிக்கோனைப் பிதுக்கி, போல்ட்டை இறுக்கிவிட்டுப் போகிறார். ஐந்தோ பத்தோ வருடத்தில் சிலிக்கோன் பிடி விடுகிறது. மழைத்தண்ணீர் போல்ட் வழியே இறங்கிப் பல்சாவுக்குள் போகிறது. மேலே பெயின்ற் பளபளப்பாகவே இருக்கும். உள்ளே மரம் ஊறி அழுகிக்கொண்டிருக்கும்.

அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை ஓடியதை அம்மம்மா தன் வீட்டுக் கலியாணத்தைச் சொல்வதுபோலச் சொல்லுவா. அந்த மரக்கப்பல்களை இழுத்துக் கரையில் போட்டு, பலகை இடுக்குகளில் கலப்பற்று அடித்து, எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். மரக்கப்பல் ஒழுகினால் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் நிற்கும், உடனே ஆள் இறங்கிப் பார்ப்பான். பைபர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. "பைபருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று விற்கிறவர்கள் சொல்வதை நான் இப்போது கேட்டால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். அந்த ஒரு வசனத்தால் எத்தனை நல்ல படகுகள் படகு நிறுத்தும் முற்றத்தின் மூலையில் கிடந்து வீணாகிப் போயின.

என் டெக் அழுகியிருக்கிறது என்று கண்டுபிடித்தது நான் அல்ல, பெரியப்பா. அவர் காரைநகர் சீநோர் பட்டறையில் பைபர் வள்ளம் வார்த்தவர். சின்ன வயதில் அவர் சைக்கிளில் வந்து இறங்கும்போதே அந்த ரெசின் மணம் வளவுக்குள் வந்துவிடும், இன்றைக்கும் ஒரு டின் பொலியஸ்டர் ரெசினைத் திறந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய சட்டைதான். இப்போது வயது எண்பதை நெருங்குகிறது, ஊரிலேயே இருக்கிறார். படகு வாங்கிய முதல் வசந்தத்தில் வாட்ஸ்அப்பில் அவருக்குப் படகைச் சுற்றிக் காட்டினேன். இங்கே காலை ஒன்பது மணி, அங்கே மாலை ஆறரை. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"பிள்ளை, போனைக் கீழ வை. சுத்தியல் பிடியால தட்டிக்கொண்டு போ, நான் கேக்கிறன்."

படகின் முன்முனையான அணியத்தில் இருந்து தட்டிக்கொண்டு வந்தேன். டக், டக், டக். முன் கிளீற்றுக்குக் கிட்டே வந்ததும் "நில்லு" என்றார். "அதில இன்னொருக்கால் தட்டு. ரெண்டு விரக்கடை தள்ளித் தட்டு. கேக்குதே?" எனக்கும் கேட்டது. டக் என்று வரவேண்டிய இடத்தில் தொப் என்று, நனைந்த மட்டையில் அடித்த மாதிரி. அன்றைக்கு இரண்டு மணி நேரம் போனோடு டெக் முழுக்க ஊர்ந்து, தொப் என்ற இடமெல்லாம் சோக்கால் வட்டம் போட்டேன். கடைசியில் பார்த்தால் ஒன்பது வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஏதோ ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு வட்டமும் இல்லை.

ஈரம் பார்க்கும் மீற்றர் கடைகளில் விற்கிறது, நானும் பிறகு ஒன்று வாங்கினேன். ஆனால் கீழே உலோகத் தகடு இருந்தாலும் அது ஈரம் என்று சொல்லும், காலைப் பனி காயாமல் இருந்தாலும் சொல்லும். தட்டிக் கேட்பதைத்தான் நான் முதலில் நம்புகிறேன், மீற்றரை இரண்டாவதாக.

முன் டெக்கில் இருந்த பெரிய வட்டத்தைத்தான் முதலில் திறந்தேன், ஏறக்குறைய மூன்றடிக்கு இரண்டடி. என் படகின் உட்பக்கம் முழுக்க அச்சில் வார்த்த ஒரு உள்கூடு ஒட்டியிருப்பதால் கீழிருந்து வேலை செய்ய வழியில்லை, மேலிருந்துதான் வெட்டவேண்டும். வட்ட ரம்பத்தின் ஆழத்தை மூன்று மில்லிமீற்றருக்கு வைத்து, மேல் தோலை மட்டும் வெட்டி, ஒரே துண்டாகக் கிளப்பி எடுத்தேன். அதைத் திரும்ப ஒட்டலாம் என்பதால் உடைக்காமல் எடுப்பது முக்கியம். "கீழ்த் தோலில ரம்பம் பட்டுதோ, பிறகு நீ கபினுக்குள்ள இருந்து வானம் பாக்கலாம்" என்று பெரியப்பா மூன்று தரம் சொல்லியிருந்தார். கிளப்பியதும் உள்ளே இருந்தது மரம் இல்லை, வடித்த தேயிலைச் சக்கை. கறுப்பாக, சொதசொதவென்று, கையால் அள்ளி எடுக்கக்கூடியதாக. ஒரு வாளி நிறைய வந்தது. விளிம்பில் மஞ்சளாகக் காய்ந்த பல்சா தெரியும்வரை தோண்டிக்கொண்டே போகவேண்டும், இதில் இரக்கம் பார்த்து ஈரமான ஓரத்தை விட்டுவிட்டால் செய்த வேலை முழுவதும் வீண்.

பிறகு ஒரு கிழமை விசிறி வைத்துக் காயவிட்டேன்.

ஒட்டுகிற வேலையில்தான் நான் பிழை விட்டேன். பெரியப்பாவின் உலகம் பொலியஸ்டர் ரெசின் உலகம். அதில் குளிர் என்றால் இறுகவைக்கும் கற்றலிஸ்ற்றைக் கொஞ்சம் கூட்டலாம், வெயில் என்றால் குறைக்கலாம். நான் பயன்படுத்தியது எப்பொக்சி, ஏனென்றால் ஏற்கெனவே இறுகிக் காய்ந்த பழைய பைபரில் எப்பொக்சிதான் நன்றாகப் பிடிக்கும். வெஸ்ற் சிஸ்ரம் எப்பொக்சியின் அளவு ஐந்து பங்கு ரெசினுக்கு அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு பங்கு. ஏப்ரல் மாத ரொறன்ரோவில் இரவு பூச்சியத்துக்குக் கிட்டே போகும் என்று பயந்து நான் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி விட்டேன், விரைவாக இறுகும் என்று. எப்பொக்சி அப்படி வேலை செய்யாது. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று சோடி சேரும் பொருள்கள், கூடிப்போன ஹார்டனர் சோடி கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் பனங்கட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது, மூன்றாம் நாளும் அப்படித்தான். இரண்டு நாள் சுரண்டி, அசிற்றோன் போட்டுத் துடைத்து, முதலில் இருந்து தொடங்கினேன். குளிருக்கு வேண்டியது வேறு ஹார்டனர். அவர்களுடைய 206 என்ற மெதுவான வகைக்குக் குறைந்தது 16 பாகை செல்சியஸ் வேண்டும், 205 என்ற விரைவான வகை 4 பாகை வரைக்கும் இறுகும். இதை டின்னிலேயே எழுதியிருக்கிறார்கள்.

புதுப் பல்சாவைப் போடுமுன் வெறும் எப்பொக்சியால் ஒருமுறை நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த மரம் பசையை உறிஞ்சிவிட்டு ஒட்டும் இடத்தை வெறுமையாக விட்டுவிடும். அதற்குப் பிறகு சிலிக்காத் தூள் கலந்து தடிப்பாக்கிய எப்பொக்சியைப் பரப்பி, பல்சாவை வைத்து, அதற்கு மேலும் பூசி, எடுத்த தோலைத் திரும்ப வைத்து, மேலே பிளாஸ்ரிக் விரித்துத் தண்ணீர்க் கான்களை அடுக்கினேன். அடுத்த நாள் வெட்டிய கோட்டின் இரு பக்கமும் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி நார்த் துணிப் பட்டை மூன்று அடுக்கு வைத்து மூடினேன். சரிவு அகலமாக இருக்கவேண்டும், தடிப்பைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு, குறுக்கிவிட்டால் அந்தக் கோடே பிறகு வெடிக்கும். தேய்க்கும்போது முகமூடி அவசியம், தூசுக்கும் ஆவிக்கும் சேர்த்து வடிகட்டும் வகை. கண்ணாடித் தூசு பட்ட உடம்பைக் குளிர்தண்ணியில் கழுவு, சுடுதண்ணியில் கழுவினால் தோலின் துவாரம் விரிந்து இன்னும் உள்ளே போகும் என்பது பெரியப்பா சொன்னது. நான் இன்றைக்கும் அப்படித்தான்.

மூன்று வசந்தத்தில் ஒன்பது வட்டமும் முடிந்தன. பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டால் இதே வட்டங்கள் திரும்ப வரும். அழுகல் இல்லாத ஓட்டைகளும் இன்றோ நாளையோ ஒழுகப்போகும் ஓட்டைகள்தான். அப்படித் தொடங்கியதுதான் இந்த 164 கணக்கு.

ஒரு ஓட்டைக்கு என்ன செய்கிறேன் என்றால், பூட்டியிருக்கும் சாமானைக் கழற்றி, ஓட்டையைப் போல்ட்டைவிட இரண்டு மடங்கு அகலமாகத் துளைக்கிறேன், கீழ்த் தோலை மட்டும் விட்டுவைத்து. வளைத்த ஆணி ஒன்றைத் துளைப்பானில் பூட்டி உள்ளே சுழற்றினால் சுற்றியிருக்கும் பல்சா கொஞ்சம் பின்வாங்கும். அந்தக் குழியைத் தடித்த எப்பொக்சியால் நிரப்புகிறேன். இறுகியதும் அதன் நடுவே போல்ட்டின் அளவுக்குத் திரும்பத் துளைத்தால், போல்ட் இனி மரத்தைத் தொடவே தொடாது. மேலே எந்த ஒழுக்கு வந்தாலும் தண்ணீர் கபினுக்குள் சொட்டும், டெக்குக்குள் போகாது, சொட்டினால் நானும் உடனே பார்த்துவிடுவேன். கடைசியாக ஓட்டையின் வாயைக் கொஞ்சம் கூம்பாக விரித்து, போல்ட்டின் கழுத்தில் ஒட்டும் ரப்பர் நாடாவான பியூட்டில் ரேப்பைச் சுற்றி வைத்து இறுக்குகிறேன். ஒரே மூச்சில் இறுக்காமல் இன்றைக்குக் கொஞ்சம், இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம், வெயில் நாளில் இன்னும் கொஞ்சம் என்று. பியூட்டில் இறுகிக் காயாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும், அதனால் பூட்டிய சாமான் அசைந்தாலும் கூடவே அசையும். சிலிக்கோனை டெக்கில் பூசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது விட்டபிறகும் அதன் எண்ணெய்ப் பிசுக்கு போகாது, அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. என்னுடைய ஆறு வருடத்தில் குறைந்தது ஒரு முழு மாதம் முந்தியவர்கள் பூசிய சிலிக்கோனைச் சுரண்டுவதிலேயே போயிருக்கும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டால், இந்த ஊரின் குளிர். ஒக்ரோபரில் கிரேன் வந்து படகுகளைத் தூக்கித் தொட்டிலில் வைக்கும், பாய்மரம் இறங்கும், மே மாதம்வரை படகு தரையில். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் அளவில் விரியும். டெக்குக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் நின்றால் போதும், ஒவ்வொரு பனிக்காலமும் அது உறைந்து உறைந்து தோலையும் மரத்தையும் பிரித்துக்கொண்டே போகும். கடல்நீர் அல்ல, நன்னீர் ஏரிதானே என்று நினைக்கவேண்டாம். நன்னீர்தான் பைபருக்குள் இன்னும் எளிதாக ஊடுருவி அடிப்பக்கத்தில் கொப்புளம் எழுப்பும். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோட் துண்டும் இங்கே மக்னீசியம்தான், துத்தநாகம் நன்னீரில் சரியாக வேலை செய்யாது.

நாலாவது வருடம் முன் கபின் கதவு இறுகத் தொடங்கியது. ஈரத்தில் மரம் பருத்திருக்கும் என்று சீவப் போனேன். கிளப்பில் இன்னொரு அல்பேர்க் வைத்திருக்கும் வயதானவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கதவைத் தொடாதே, மேலே குறுக்காக உள்ள வளையைப் பார் என்றார். இந்தப் படகில் பாய்மரம் கீல்வரை இறங்காது, டெக்குக்கு மேலேதான் நிற்கும். அதன் பாரத்தை டெக்குக்குக் கீழே ஒரு வளை தாங்குகிறது, வருடக் கணக்கில் அது தொய்ந்துபோவது அல்பேர்க் 30 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை. நூல் பிடித்துப் பார்த்தேன், நடுவில் அரை அங்குலம் இறங்கியிருந்தது. பாய்மரக் கம்பிகளை ஒவ்வொரு வருடமும் நான் கூட்டி இறுக்கவேண்டி வந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. இறுக்க இறுக்க வளையை நானே கீழே அமத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பனிக்காலத்தில் பாய்மரம் இறங்கியிருக்கும்போது கார் ஜாக் ஒன்றை வைத்து, நாளுக்குக் கால் சுற்று மட்டும் என்று மூன்று கிழமை உயர்த்தி, வளையின் இரு பக்கமும் துருப்பிடிக்காத உருக்குத் தகடு வைத்து ஊடாகப் போல்ட் போட்டேன். கதவு தானாகத் திறந்தது. சீவாமல் விட்ட கதவு.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்த பித்தளைக் கேற் வால்வுகளை எடுத்துவிட்டு தண்ணீரை அடைக்கும் வெண்கல சீகொக் போட்டேன், இதைத் தள்ளிப்போடவே கூடாது. பாய்மரக் கம்பிகளுக்கு வயது தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் மாற்றினேன். கிளீற்களுக்கும் வேலித் தூண்களுக்கும் கீழே வைத்திருந்த சின்ன வாஷர்களை எறிந்துவிட்டு உள்ளங்கை அகலத் தகடு வைத்தேன். எஞ்சின் அந்தக் காலத்து அற்றோமிக் 4, பெற்றோல், நாலு சிலிண்டர், முப்பது குதிரைவலு, நன்றாக ஓடுகிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், படகின் அடியில் போய்த் தங்கும் என்பதால் ஸ்ராற் பண்ணுமுன் ஆவியை வெளியேற்றும் புளோவர் நாலு நிமிடம் ஓடவேண்டும். ஒரு தரமும் நான் அதைத் தவறவிட்டதில்லை, என் மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வெளிப்புறம் இன்னும் மங்கித்தான் இருக்கிறது. கிளப்பில் பக்கத்துப் படகுக்காரர்கள் பொலிஷ் போட்டுப் பளபளக்க வைத்திருக்கிறார்கள், எனக்கும் ஆசைதான். பெரிய திரையோடு வரும் வழிகாட்டிக் கருவிகளைப் பார்த்தும் ஆசை வருகிறது. ஆனால் அதைப் பூட்டவும் டெக்கில் நாலு ஓட்டை போடவேண்டும்.

மே முதலாவது சனிக்கிழமை கிரேன் வருகிறது. மிச்சமிருக்கும் 13இல் எட்டு ஓட்டை வலப்பக்கத்து வேலித் தூண்கள் இரண்டினுடையவை. நேற்றுக் கழற்றி, துளைத்து, எப்பொக்சி விட்டிருக்கிறேன், 205தான், இரவு ஆறு பாகை என்று போட்டிருந்தார்கள். மற்ற ஐந்தும், இருந்து படகை ஓட்டும் கொக்பிற்றுக்குப் பின்னால். அந்த இடத்தை நான் தட்டிப் பார்த்தபோது எனக்குச் சரியாகவே கேட்டது. ஆனாலும் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வரச் சொல்லிப் பெரியப்பாவுக்குச் செய்தி போட்டிருக்கிறேன். "ஓம், ஆறரைக்கு விளக்கு வைச்சிட்டு வாறன், நீ சுத்தியலை எடுத்து வை" என்று பதில் வந்திருக்கிறது.